செல்வினின் கேசட்டைச் சுத்தம் செய்த கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன், முருகன் படத்தைப் பார்ப்பேன், அவரும் ஒன்றும் சொல்லமாட்டார், மூடி வைத்துவிடுவேன். நான் எழுதாமல் இருந்த காலத்தில் மற்றவர்கள் இதை வாய்க்கு வந்தபடி சொல்லி வேறு கதையாகவே ஆக்கிவிட்டார்கள். அதனால்தான் இப்போது துணிந்தேன்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று எது இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். இதையே வருஷக்கணக்கில் செய்தால் எதைப் பார்த்தாலும் குறைதான் முதலில் கண்ணில் படும். (பெண் பார்க்கப் போன அன்று ஈஸ்வரியின் சேலையில் காபிக் கறை இருந்ததைச் சபையில் சுட்டிக்காட்டியவன் நான்தான். அப்படியும் என்னைக் கட்டிக்கொண்டாள். ஆனால் மறக்கவில்லை.)

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பேன். பெரும்பாலும் பஜனை, காதுகுத்து, கல்யாண வாழ்த்து, இப்படித்தான் வரும். இரைச்சலை நீக்குவதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு வழி உண்டு. இரைச்சல் மட்டும் தனியாகக் கேட்கிற ஒரு துண்டைப் பிடித்து, 'இதுதான் அழுக்கு' என்று காட்டிவிட்டால் போதும். அதே மாதிரி எங்கெங்கே இருக்கிறதோ அத்தனையையும் அது துடைத்துவிடும். பஜனை மடத்து ஃபேன் சத்தத்தை நான் இப்படித் துடைத்துக் கொடுத்ததில், சுற்றுவட்டாரத்தில் எனக்கு ஒரு பெயரே இருந்தது.

அந்தப் பெயரை நம்பித்தான் ஞானராஜ் வந்தார். எங்கள் கம்பெனியில் பிரிண்டிங் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர், அவர்கள் பேச்சில் வேதக்காரர். சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை, பிறந்த குழந்தையைத் தருவதுபோல எடுத்துக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, இது எங்கண்ணன் செல்வின். காலேஜ் மைதானத்துல அவம் ராக் கச்சேரி பண்ணும்போ, கூட்டத்துக்குள்ள நின்னு நான் பிடிச்சது. வேற எதுலயும் அவம் இல்ல. அவம் மவ ஜெனிபாவுக்குக் கல்யாணம்லா? அவ பொறந்த வருசமே அவம் போயிட்டான். 'எங்கப்பாவ ஒரு தடவ காதால கேட்டுட்டுக் கழுத்த நீட்டுதேன் சித்தப்பா'ங்கா."

கேசட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "கவலைய உடுங்க. நம்ம புள்ளைக்குச் செய்யாம யாருக்குச் செய்யறதுங்க? கண்ணாடியாட்டம் பண்ணித் தர்றேன்," என்றேன்.

அந்த இடத்திலேயே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். 'அண்ணன் கச்சேரியில் என்ன செய்தார்?' என்ற ஒரே கேள்வி. கேட்கவில்லை. கச்சேரி என்றால் பாடுவார், வேறென்ன?

வீட்டுக்கு வந்து சூடம் காட்டிவிட்டு ஓட்டினேன். முதலில் கூட்டத்தின் சலசலப்பு. பிறகு, "கர்ர்ர்ர்ர்ர்" என்று ஒரு சத்தம். அடுப்படியிலிருந்து ஈஸ்வரி ஓடி வந்தாள்.

"ஏனுங்க, பெட்டிக்குள்ள எலி கிலி மாட்டிக்கிச்சுங்களா?"

"இல்ல புள்ள, பாட்டு."

"பாட்டுங்களா! மொளகாய்த்தூள் அரைக்கற மில்லாட்டம் இருக்குது."

டேப் டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். கேசட்டின் திருகைக் கழற்றி, உள்ளே நைந்துபோன பஞ்சை மாற்றினேன். மறுபடியும் அதே கர்ர்ர். அப்போதுதான் எனக்கு ஞானோதயம். கேசட்டில் கோளாறே இல்லை. அந்தக் காலத்திலேயே காலேஜில் மைக் செட் போட்டவன் ஓட்டை ஆம்பிளிஃபயரை வைத்து ஏமாற்றியிருக்கிறான்! பாவம் செல்வின். அத்தனை பேர் முன்னால் எவ்வளவு சங்கடப்பட்டிருப்பார் என்று அவருக்காக வருத்தம்கூடப் பட்டேன்.

நல்லவேளையாக, நடுவில் ஓரிடத்தில் பாட்டு, தாளம் எல்லாம் நின்று, கர்ர்ர் மட்டும் தனியாக வெகுநேரம் ஏறியும் இறங்கியும் அழுதுகொண்டிருந்தது. அதைப் பிடித்தேன். 'இதுதான் அழுக்கு' என்று காட்டினேன். துடைத்தது. மிச்சம் இருக்கிறதே என்று மறுபடியும் துடைத்தேன். கூடவே இங்கிலீஷ் பாட்டும் கிணற்றுக்கு அடியில் போய்விட்டது. ஆனால் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு இளவட்டத்தின் குரல் கணீரென்று மேலே வந்தது. எங்கோ கேட்ட குரல். அண்ணன் தம்பி குரல் ஒன்றுபோலத்தானே இருக்கும்? இவர்தான் செல்வின் என்று முடிவுகட்டி, அந்தக் குரலை மட்டும் தூக்கிவிட்டேன்.

அவர் பேசியதுதான் எனக்குப் புரியவில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். செருப்பைத் தேடினார். கச்சேரி செய்கிறவர் நடுவில் இதையெல்லாம் கேட்பாரா? ராக் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கடைசியாக இன்னொரு குழப்பம். நான் ஏற்றித் தரும் எதிலும் முதலில் ஒரு பிள்ளையார் பாட்டு வைப்பது வழக்கம். இவர்களோ வேதக்காரர்கள். ஒன்றுமே இல்லாமல் தொடங்கவும் எனக்கு மனது வரவில்லை. யோசித்து, வெறும் மணியோசையை மட்டும் வைத்தேன். மணி எல்லாச் சாமிக்கும் பொதுதானே.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம். ஞானராஜ் வீட்டில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. ஜெனிபா மருதாணிக் கையோடு ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பென்டிரைவைச் செருகினேன்.

மணி அடித்தது. ஜெபமாக்கும் என்று எல்லோரும் எழுந்து, கண்ணை மூடித் தலை குனிந்தார்கள். அந்த நிசப்தத்தில் கணீரென்று வந்தது:

"லே, இன்னைக்கி மெஸ்ல என்னலே கொழம்பு?"

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். ஜெனிபா கண்ணைத் திறந்தாள்.

"சித்தப்பா, இது ஒங்க கொரலுல்லா?"

ஞானராஜ் முகம் வெளுத்தது. பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. அவளும் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் என்னைப் பார்த்து, "மாமா, எங்கப்பா எங்க?" என்றாள்.

நான் ஞானராஜைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கிட்டாரு எங்க? கர்ர்ருன்னு ஒரு சத்தம் வந்திருக்குமே?"

"வந்துச்சுங்க!" என்றேன் பெருமையோடு. "அந்த எரைச்சல முச்சூடும் எடுத்துப்போட்டனுங்க."

"யோவ், அந்த எரைச்சல்தாம்யா எங்கண்ணன்!"

சத்தியமாக எனக்கு அப்போதும் புரியவில்லை. "அது ரிப்பேர் சத்தமுங்களே?" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நம்ம டீசர்ட்டுல கிராக் பிரிண்ட் போடுதோம்லா? வெடிச்ச மாதி, உதிந்த மாதி? அது சேதாரமா? வேணும்னே பண்ணுததுல்லா? அதே மாதிதான் அவம் கிட்டாரு சத்தத்தையும் வேணும்னே கிழிய விடுவான்!"

கிராக் பிரிண்ட் என்றதும்தான் செய்த தப்பு எனக்கு உறைத்தது. அது முதல்முதலில் வந்தபோது ஒரு லாட்டையே சேதாரம் என்று ஒதுக்கி வைத்தவனும் நான்தான்.

கம்ப்யூட்டரில் துடைப்பதற்கு முந்தின பதிவு இல்லை. (அழுக்கை யாராவது எடுத்து வைப்பார்களா?) மிச்சமிருந்தது கேசட் ஒன்றுதான். அதிலும் நாடா ஏற்கெனவே சுருங்கியிருந்தது. இன்னொரு தடவை ஓடுமா, உள்ளே சிக்கி அறுந்துபோகுமா, தெரியாது. கல்யாணப் பெண், ஞானராஜ், பின்னால் ஒரு ஆட்டோ நிறைய உறவினர்கள் என்று எல்லோரும் எங்கள் வீட்டு முன்னறைக்குள் நுழைந்தோம். விஷயத்தைக் கேட்ட ஈஸ்வரி, அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்:

"கறைய எடுக்கறேன்னு சட்டையவே எடுத்துப்போட்டீங்களாக்கும்!"

பழனிக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். (தலையில் மிச்சமிருந்தது கொஞ்சம்தான். முருகன் பெரியமனது பண்ணினான்.) பட்டனை அமுக்கினேன். நாடா கீச்சிட்டது, இழுத்தது, ஒரு நொடி நின்றேவிட்டது. ஜெனிபா மருதாணி அழிவதுகூடத் தெரியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஓடியது.

கர்ர்ர்ர்ர்ர்.

எனக்கு அதே மிளகாய்த்தூள் மில்தான். "இது சரிதானுங்களா?" என்று கேட்டேன். அந்தப் பெண் ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். தாளமெல்லாம் நின்று அந்தச் சத்தம் தனியாக அழுத இடம் வந்தது. நான் அழுக்கென்று காட்டிய அதே இடம். அதன் உச்சியில், ரெக்கார்டர் மைக்குக்குப் பக்கத்தில், "எப்பலே முடியும்? பசிக்கி," என்று ஞானராஜ்.

ஜெனிபா அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "எங்கப்பா வாசிக்கும்போ ஒங்களுக்குப் பசியா சித்தப்பா?"

"எனக்கு என்னட்டி தெரியும்," என்றார் அவர், "இனுமே கேக்க முடியாதுன்னு?"

ஈஸ்வரி எல்லோருக்கும் டீ போட உள்ளே போனாள். இந்த முறை எதையும் துடைக்காமல் ஏற்றிக் கொடுத்தேன். மணிகூட வைக்கவில்லை.

இன்றைக்கும் அந்த வீட்டு விசேஷங்களுக்கு எனக்கு முதல் பத்திரிகை வருகிறது. "எங்கப்பாவத் தொடச்சு எடுத்த மாமா" என்றுதான் ஜெனிபா தன் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டுகிறாள். கம்பெனியிலோ, நான் கேசட்டை எரித்துவிட்டேன், கல்யாணமே நின்றுவிட்டது என்றெல்லாம் சொல்கிறார்கள். இல்லீங்க. கேசட்டும் பத்திரம், கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. அந்தச் சத்தத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஒன்றும் சேர்க்க வேண்டாம். கேட்க இரைச்சலாக இருக்கிறதே என்று எந்த இடத்தையும் எடுத்தும்விடாதீர்கள். அந்த வேலைக்கு நான் ஒருவன் போதும்.