வணிகவியல் வாத்தியாரின் பலாக்கொட்டைப் பானம்

இவரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று நீங்கள் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. கல்யாணப் பந்தியில் உங்களுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருப்பார். ரசம் ஊற்றியதும் ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி, மறுபடி திறந்து, "இதைப் பொடியாக்கிப் பாக்கெட் போட்டா துபாய்க்கு அனுப்பலாங்க" என்பார். பஸ் நடுவழியில் பழுதாகி நின்று எல்லாரும் கண்டக்டரைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் இறங்கிச் சாலையோரத்தைக் காலடியால் அளந்து, இங்கே ஒரு டீக்கடை போட்டால் எப்படி ஓடும் என்று விளக்குவார். இழவு வீட்டிலாவது சும்மா இருப்பாரா? ஐஸ்பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, யாருடையது, என்ன வாடகை, இந்த வட்டாரத்துக்கு எத்தனை பெட்டி தேவைப்படும் என்று மெதுவாக விசாரித்துவிட்டுத்தான் மாலை போடுவார். இந்த இனத்தின் கூவல் ஒன்றே ஒன்றுதான்: "இதுல ஒரு பிசினஸ் இருக்குதுங்க."

இருக்கிறது. யார் இல்லை என்றது? ஆனால் இந்த இனத்தில் பிறந்த எவரும் இதுவரை எதையும் விற்றதில்லை. பழைய சைக்கிளுக்குக்கூட விலை சொல்லக் கூச்சப்பட்டு, மச்சானுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தவர்கள்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில், இந்த இனத்தின் நல்ல வளர்த்தியான ஆள் ஒருவர் இருந்தார். பெயர் அருள்மணி, மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர். சொந்த ஊர் கீழே ஒடுகத்தூர்ப் பக்கம். அப்பா நிலக்கடலை போட்டபோதெல்லாம் மகன் நிலக்கடலை வெண்ணெயைப் பற்றிப் பேசினார். அப்பா கடலையைப் பிடுங்கி, காயவைத்து, மூட்டை கட்டி, மண்டிக்கு ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோதும் மகன் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

மலைக்கு மாற்றலாகி வந்ததும் அவர் கண்ணில் பட்டது பலாக்கொட்டை. சீசனில் மலை முழுக்கப் பலாப்பழம். சுளையைத் தின்றுவிட்டு ஆளாளுக்குக் கொட்டையை வீசிக்கொண்டிருந்தார்கள். அருள்மணிக்குத் தூக்கம் போயிற்று. கொட்டையை வறுத்து, அரைத்து, சுக்கும் வெல்லமும் சேர்த்தால் காப்பிக்குப் பதிலாகக் குடிக்க ஒரு பானம்! பெயர்கூட உடனே தோன்றிவிட்டது: 'ஜவ்வாது காலை.' லேபிள் முதலில் பச்சையாக இருந்தது. பிறகு கரும்பச்சை ஆயிற்று. அதில் ஒரு மரம் முளைத்தது, மரத்தடியில் ஒரு மான் வந்து நின்றது, மானுக்கும் பானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றவே மான் போய்ச் சூரியன் வந்தது. இப்படியே வருடங்கள் ஓடின. திட்டம் மடிக்கணினியில் வளர்ந்தது. முதல் ஆண்டு வேலூர், இரண்டாம் ஆண்டு சென்னை, மூன்றாம் ஆண்டு சிங்கப்பூர். நான்காம் ஆண்டை அடக்கம் கருதிக் காலியாக விட்டிருந்தார்.

மனைவி தேவயானி தாலுகா ஆபீசில் தட்டச்சர். நாள் முழுக்க அடுத்தவர்களின் நீளமான விண்ணப்பங்களைத் தட்டிக்கொண்டிருப்பவர் என்பதால், வீட்டில் சுருக்கமாகத்தான் பேசுவார்.

"வேலைய வுட்டுட்டு இதுல முழுசா இறங்கிடலாம்னு பாக்கறேன்" என்பார் அருள்மணி.

"இறங்குங்க. எதுல இறங்கறீங்கன்னு பாத்துட்டு இறங்குங்க."

அவ்வளவுதான். வருடா வருடம் இதே பேச்சு.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை, பிளஸ் ஒன் மாணவர்களுக்கென்று தொழிலும் நிதியும் சொல்லித்தரும் சனிக்கிழமைப் பயிற்சி ஒன்றை அனுப்பியது. தலைமையாசிரியை ராஜேஸ்வரி அதை யாரிடம் கொடுப்பார்? அருள்மணியிடம் கொடுத்தார். தண்ணீர்த் தொட்டியில் மீனை விட்டமாதிரி ஆயிற்று. முதல் என்றால் என்ன, முதலீடு என்றால் என்ன, பிராண்டு ஏன் உயிர், ரிஸ்க் எடுக்காதவன் ஏன் மனிதனே இல்லை என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கை வீசிப் பேசப் பேச, சட்டையின் அக்குள் நனைந்து, கரும்பலகையில் அம்புக்குறிகள் பறந்தன. 'லாபம்' என்று சொல்லும்போது குரல் கோபுரத்தில் ஏறும். 'நஷ்டம்' என்ற சொல்லை மட்டும், சொந்தக்காரர் யாருக்கோ வந்த வியாதியைச் சொல்வதுபோல, மெல்லிய குரலில் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுவார்.

வகுப்பும் நன்றாகவே பிடித்துக்கொண்டது. எந்த அளவுக்கு என்றால், ஒருநாள் சுப்பிரமணி என்ற விவசாயி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். மாணவி புவனாவின் அப்பா.

"சார், எம் பொண்ணுக்கு இன்னா சொல்லிக் குடுக்கறீங்க?"

"ஏங்க, இன்னா ஆச்சு?"

"ஆட்ட ஓட்டினு போடின்னா, காணாம பூட்டா ரிஸ்க் யாருதுன்னு கேக்குது. தண்ணி மொண்டுட்டு வான்னா, எனக்கு இன்னா ரிட்டர்னுன்னு கேக்குது. தாகத்துல நா விக்கிக்கினு நிக்கறேன் சார்!"

அருள்மணிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனந்தத்தில்.

பயிற்சியின் முடிவில் ஒரு தேர்வு இருந்தது. வகுப்பில் யாராவது ஒரு திட்டத்தைச் சொல்ல வேண்டும். மாணவர்களே முதலாளிகளாக உட்கார்ந்து கேள்வி கேட்டு, பிடித்திருந்தால் கையைத் தூக்க வேண்டும். தேறிய திட்டத்தை வாரச் சந்தையில் கடையாகப் போட வேண்டும். தலைமையாசிரியை சந்தையில் இடத்துக்கு அனுமதியும் வாங்கி வைத்திருந்தார். "மாதிரிக்கு முதல்ல என்னோட திட்டத்தையே வெக்கறேன்" என்றார் அருள்மணி. மாதிரியாவது ஒன்றாவது. முந்தின நாள் வீட்டில் பெரிய பேச்சே நடந்து முடிந்திருந்தது.

"உங்க பசங்க சரின்னு சொல்லட்டும்" என்று தேவயானி சொல்லியிருந்தார். "ராஜினாமா கடிதத்த நானே டைப் பண்ணித் தர்றேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. சனிக்கிழமை வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அருள்மணி கல்யாணத்துக்குக் கட்டிய வாட்சைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். திரையில் சூரியன் உதித்தது, லேபிள் மின்னியது, வேலூர், சென்னை, சிங்கப்பூர் என்று ஊர்கள் வரிசையாக வந்து விழுந்தன. பேசி முடித்து, கைதட்டலுக்கு இடம் விட்டு நின்றார்.

தமிழ்மணி என்ற பையன் எழுந்தான். "சார், காப்பிய வுட்டுட்டு இத ஏன் சார் குடிக்கணும்?"

"ஒடம்புக்கு நல்லதுப்பா."

"நல்லதுன்னு யாரு சார் சொன்னது?"

"திரையில இருக்குது பாரு."

அடுத்து புவனா எழுந்தாள். "ருசி எப்பிடி இருக்கும் சார்?"

"அது வந்தும்மா… மண்வாசனையோட, லேசா ஒரு… எப்பிடிச் சொல்றது…"

"நீங்க குடிச்சிருக்கீங்களா சார்?"

அருள்மணி சுண்ணக்கட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். இத்தனை வருடத்தில் அவர் லேபிளை வரைந்திருந்தார், நிறத்தை மாற்றியிருந்தார், மானைக் கொண்டுவந்து விரட்டியிருந்தார். ஒரே ஒரு பலாக்கொட்டையைக்கூடக் கையால் தொட்டதில்லை.

"அது… உற்பத்திக் கட்டத்துல வரும்மா."

கை தூக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு கை உயர்ந்தது. அருள்மணியின் முகம் மலர்ந்தது. "சார், ஒன்னுக்கு" என்றான் அந்தப் பையன்.

அன்று அவர் வீட்டுக்கு நேராகப் போகவில்லை. பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, மலை இறங்கும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. தேவயானி என்ன சொல்லிச் சிரிப்பாரோ என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

தேவயானி சிரிக்கவில்லை. சமையல் மேடையில் ஒரு கோணிப்பை நின்றது.

"இன்னா இது?"

"பலாக்கொட்டை. சந்தையில புளி விக்கறாங்களே சாந்தம்மா, அவங்க வூட்லேர்ந்து கேட்டு வாங்கினு வந்தேன்."

"இத இன்னா பண்றது?"

"எனக்கு இன்னா தெரியும்? பிளான் உங்களுது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அருள்மணி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றார். முதல் ஈடு கரியாயிற்று. எதிர்வீட்டுக்காரர் வந்து, "எங்கியாவது தீ கீ புடிச்சுதா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டாம் ஈடு வெளியே வெந்து உள்ளே பச்சையாக நின்றது. தோலை உரித்து உரித்து நகக்கண் எரிந்தது. மிக்சி ஜாடி ஒருமுறை அலறி நின்றுவிட, அதைத் தட்டிக் கொட்டி மறுபடி ஓடவைத்து, சலித்து, கொதிக்கவைத்து ஒரு டம்ளரில் ஊற்றி வாயில் வைத்தார். சுண்ணாம்புச் சுவரை நக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தேவயானி ஒரு வாய் குடித்துவிட்டு, "வெல்லம் பத்தல" என்றார். மறுபடி. "சுக்கு தூக்குது." மறுபடி. பொழுது சாய்ந்தபோது இருவரும் ஆளுக்கொரு டம்ளரைக் குடித்து முடித்திருந்தார்கள். அன்று முழுக்க மடிக்கணினியைத் திறக்கவே இல்லை என்பது அவருக்கு உறைக்கவும் இல்லை.

திங்கட்கிழமை வகுப்பில் பிளாஸ்கை மேசைமேல் வைத்தார். "குடிச்சுட்டேன்" என்றார். வேறு முன்னுரை இல்லை.

புவனா காகிதக் கப்பில் வாங்கிக் குடித்துவிட்டு யோசித்தாள். "சுமாரா இருக்குது சார்."

"சுமார்னா?"

"கப்புல இருக்கறத முடிச்சுடலாம். இன்னொரு கப்பு கேக்கமாட்டேன்."

"அப்ப கடை போடலாமா, வேணாமா?"

பிள்ளைகள் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். பிறகு புவனா நிபந்தனை சொன்னாள்: "போடலாம் சார். ஆனா நீங்கதான் நின்னு கூவி விக்கணும்."

சந்தை நாள் வந்தது. ஒரு பக்கம் சாந்தம்மாளின் புளிக்குவியல். மறுபக்கம் பிளாஸ்டிக் பக்கெட் வியாபாரி. நடுவில் ஒரு மேசை, ஒரு அடுப்பு, ஒரு அண்டா, பின்னால் பிள்ளைகள். மைக் இல்லாமல் ஒரு பீரியட் முழுக்க முழங்கக்கூடிய அருள்மணி வாயைத் திறந்தார். "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே…" என்று ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் கட்டியிருந்த ஆடு மட்டும் திரும்பிப் பார்த்தது.

"சார், கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார் பக்கெட் வியாபாரி. "பக்கத்துல நிக்கற எனக்கே கேக்கல."

ஆட்கள் வராமல் இல்லை. வந்தார்கள், அண்டாவை எட்டிப் பார்த்தார்கள், யோசனை சொன்னார்கள். பால் ஊற்றச் சொன்னார் ஒருவர். பாலே கூடாது என்றார் அடுத்தவர். ஆன்லைனில் போடுங்கள், டப்பாவில் போடுங்கள், நடிகரைப் போடுங்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கலசப்பாக்கத்து நெல் வியாபாரி ஒருவர் அவர் தோளைத் தட்டி, "சார், இதுல பெரிய பிசினஸ் இருக்குது சார்!" என்று சொல்லிவிட்டு, நேராக எதிர்த்த டீக்கடைக்குப் போய் ஒரு டீ சொன்னார்.

அருள்மணி அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அவருடைய குரல், அவருடைய தலையாட்டல், தோளைத் தட்டிய விதம்கூட அவருடையதுதான். ஒடுகத்தூரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பாவுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும்? காது மடல் சூடாயிற்று. அந்த நேரம் பார்த்து இன்னொருவர் வந்து, "இதுக்கு ஒரு நல்ல பேரு வெச்சீங்கன்னா…" என்று ஆரம்பித்தார்.

"யோவ், பேசாத! குடி!"

சந்தையே திரும்பியது. வாத்தியாரின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று வாத்தியாருக்கே தெரியாது. சாந்தம்மாள் புளியை அள்ளிய கையோடு விழுந்து விழுந்து சிரித்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பஸ் டிரைவர் முன்னால் வந்தார்.

"இன்னா சார் அது, இவ்ளோ கோவமா விக்கறீங்க? ஒன்னு குடுங்க பாப்போம்."

ஊதினார். ஒரு வாய் குடித்தார். மலையைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். டிரைவர் டம்ளரைக் கீழே வைத்து மீசையைத் துடைத்தார்.

"இன்னொன்னு ஊத்துங்க. கண்டக்டருக்கும் ஒன்னு."

அருள்மணி அவசரமாக ஊற்றினார். பாதி டம்ளருக்குள் விழுந்தது. பாதி டிரைவரின் காக்கியில் விழுந்தது. டிரைவர் காக்கியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஏனென்றால் வாத்தியார் அழுதுகொண்டிருந்தார். "அடுப்புப் புகைங்க" என்றார் அருள்மணி. அது கேஸ் அடுப்பு.

அண்டா காலியானது. சாயங்காலம் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்ததில், டம்ளரை விளிம்புவரை ஊற்றிய சாரின் தாராளத்தால் கொஞ்சம் கை கடித்திருந்தது. "நஷ்டம்!" என்றார் அருள்மணி, பக்கெட் வியாபாரிக்கும் கேட்கும்படி. தேவயானி அன்று எந்தக் கடிதமும் தட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வகுப்புக்கடை அடுத்த சந்தைக்கும் வந்தது. இப்போது டம்ளரில் ஒரு கோடு போட்டு, அதற்குமேல் ஊற்றவிடாமல் புவனா பக்கத்தில் நிற்கிறாள். சாருக்கு வேலை கூவுவது மட்டும்தான்.

ஆக, மலையில் அந்த இனத்தில் ஓர் ஆள் குறைந்துவிட்டது. இனமே அழிந்துவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும்: ஒரு சிட்டிகை ஏலக்காய் போட்டிருக்கலாம், சந்தையைவிடப் பஸ் நிலையம்தான் சரியான இடம், சின்னச் சின்னப் பாக்கெட்டாகப் போட்டால் எங்கேயோ போய்விடும். தோன்றியதல்லவா? அருமையான யோசனைகள். விட்டுவிடாதீர்கள். ஜமுனாமரத்தூருக்கு நேராகப் பஸ் இருக்கிறது. வந்து அருள்மணியிடமே சொல்லலாம், பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். முதலில் ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். காசு கொடுத்து.