கோதண்டத்தின் அசதி

“கண்ணைச் சிமிட்டாதய்யா!” என்று அதட்டியபடி, கோதண்டத்தின் கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தாள் அவன் மனைவி இருசம்மாள். “வெளுத்துக் கெடக்குது.”

“நேத்து செவப்பா இருக்குதுன்னியே?”

“நேத்து வெங்காயம் உரிச்ச கையி.”

கோதண்டத்துக்கு ஒரு மாதமாகவே இப்படித்தான். ஏரியிலிருந்து கரையேறினால் முழங்கால் நடுங்கும். சோற்றில் வைத்த கை வாய்க்கு வருமுன் கண் செருகும். அவர்கள் ஊரான தோணிரேவில் ஏரியின் மீன்பிடித் துறைகளை வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பங்கிடுவதற்குப் பாடு என்று பெயர். இன்னும் ஆறு நாளில் கோதண்டத்தின் பாடு வருகிறது: இறால் கொழிக்கும் முகத்துவாரத்தில் மூன்று நாள். முறைக்காரன் தானே நின்று வலை இழுக்க வேண்டும் என்பது ஊர்க்கட்டு. இழுக்க முடியாதவனின் பாடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மீண்டும் வர ஓராண்டு ஆகும். அடுத்த வீட்டுத் தாமோதரன் இப்போதே நாள் தவறாமல் வந்து, மிகுந்த அக்கறையோடு நலம் விசாரித்துவிட்டுப் போகிறான்.

“உங்கூட வலை இழுக்கிற சிங்காரத்தைப் பாரு. அதே வலை, அதே வயசு. துள்ளிக்கினு வூட்டுக்கு வர்றான். உனக்கு மட்டும் இன்னா வந்துச்சு?”

அதுதான் கோதண்டத்துக்கும் விளங்கவில்லை.

உள்ளே அழுக்குச் சேர்ந்திருக்கிறது என்று தீர்மானித்த இருசம்மாள், மறுநாள் விடியலில் விளக்கெண்ணெய் ஊற்றினாள். அன்று பகல் முழுதும் அவன் தாழம்புதருக்கும் வீட்டுக்குமாக நடந்த நடைக்கு, ஆரம்பாக்கம் போய்த் திரும்பியிருக்கலாம்.

அந்த இளைப்பைப் போக்க நிலவேம்புக் கஷாயம் வந்தது. கஷாயத்துக்குப் பத்தியம் உண்டு. உப்பு, புளி, மீன் மூன்றும் கூடாது.

“மீனு கூடாதா? அப்புறம் எதுக்குடி நான் ஏரிக்குப் போறேன்?”

“வாயைத் தொறக்காதே. தெம்பு போயிடும்.”

பத்தியத்தில் வந்த சூட்டைத் தணிக்க எண்ணெய்க் குளியல். அன்று தோணியில் நின்றபடியே உறங்கி, ஏரிக்குள் விழுந்தான் கோதண்டம். சிங்காரம் கைகொடுக்கவில்லை; துடுப்பை நீட்டி, “புடிச்சுக்கினு நீயே ஏறு மச்சான்” என்றான்.

உடம்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்று அறிய இருசம்மாள் சோதனைகளும் வகுத்திருந்தாள். தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டை ஏழு சுற்று. பிறகு, உலாந்தாக்காரர் என்று ஊரார் சொல்லும் டச்சுக்காரரின் கோட்டை மணி அடித்து ஓயும்வரை மூச்சடக்கி நிற்க வேண்டும். அன்று பார்த்து ஏதோ கப்பல் கரை கண்டதாம், மணி ஓயவேயில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகுதான் கோதண்டம் கண் விழித்தான்.

எதிரே தாமோதரன் நின்றிருந்தான். “பாவம்” என்றான், உதட்டோரத்தை அடக்கிக்கொண்டு.

அவன் போனதும் கோதண்டம் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். “இருசு, என் பாட்டைத் தாமோதரனுக்கே வுட்டுக் குடுத்துர்றேன். சிங்காரத்துக்கும் பொழப்பு இருக்குது. என்னால அவன் ஏன் கெடணும்?”

இருசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சிங்காரத்தின் வீடு எட்டுக் குடிசை தள்ளித்தான். வழியில் இருமுறை உட்கார்ந்து எழுந்துதான் கோதண்டம் அங்கே போய்ச் சேர்ந்தான். சிங்காரம் கயிறு வாங்கக் கோட்டைக்குப்பம் போயிருந்தான். அவன் மனைவி ஜெயம்மா வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

“ஜெயம்மா, சிங்காரத்துகிட்ட சொல்லிடும்மா. இனிமே எனக்கு வலை இழுக்க ஆவாது. அவன் வேற ஆளைச் சேத்துக்கட்டும்.”

அவள் முகம் வெளிறிப்போனது. கையிலிருந்த கருவாடு மணலில் விழுந்தது.

“ஐயையோ, அப்படிச் சொல்லாதண்ணே! இடுப்புப் புடிச்சிருக்குது, பாரம் இழுக்கவே கூடாதுன்னு வைத்தியர் சொன்னதுலேர்ந்து, ஒரு மாசமா எங்க வூட்டுக்காரரு உன் பின்னால நின்னு கயித்தைச் சும்மா தொட்டுக்கினு இருக்காரு. வேற எவன்ண்ணே அதைத் தாங்கிக்குவான்?”