நாற்காலியை விட்டவர்

மறுபடியும் அத்தியாயம் திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் சிவப்பு மையில் அதே ஒற்றைச் சொல்: "ஏன்?"

லோகேஸ்வரி தலையில் கைவைத்துக்கொண்டாள். அரசியல் வன்முறையும் ஜனநாயகமும் என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. நாட்டுக்கு நாடு ஒப்பிட்டு, அடிதடி எப்படி ஓய்கிறது, ஓட்டு எப்படி வருகிறது என்று எழுத வேண்டும். வெளிநாட்டுக் கதைகள் ஏராளம் கிடைத்தன. உள்ளூருக்கு அகப்பட்டது கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாம் என்ற ஊரில் ஒரு சின்ன நற்பணி மன்றம்.

அந்த மன்றத்தில் முன்பெல்லாம் கூட்டம் என்றாலே கைகலப்பு. தலைவர் மோகனராஜ் தேர்தல் வைக்கவே மாட்டார். பிறகு ஒருநாள் எல்லாம் மாறிப்போனது. மன்றத்துப் பொருளாளர் குணவதி அதைப் போனில் சொன்னார்: "மோகனராஜ் அண்ணன் நாற்காலிய விட்டாரு, அதோட எல்லாரும் கப்சிப். அடுத்த மாசமே ஓட்டுப் பெட்டி வச்சோம்லா."

பாவம் பிள்ளை, பதவியை உதறிய அந்தப் பெரிய மனதை உருகி உருகி எழுதினாள். மேற்பார்வையாளர் டாக்டர் காமாரியா உருகவில்லை.

"அவ்வளவு காலம் உக்காந்தவரு சும்மா விடுவாராம்மா? காரணம் கொண்டா."

வெள்ளிக்கிழமைக்குள் அத்தியாயம் தேறாவிட்டால் அவளுடைய பதிவே ரத்தாகிவிடும். இத்தனை வருடப் படிப்பும் அதோடு போகும். வேறு வழியில்லாமல் ஃபெர்ரி ஏறினாள்.

மோகனராஜ் வீட்டில் காப்பி கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. பேச்சை எடுத்ததும் மனிதர் கூனிக் குறுகிப்போனார்.

"அதெல்லாம் பெருமையா பேசுற விஷயமாம்மா? ரத்தம் சூடா இருந்த வயசு."

யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டாள்.

"சேச்சே. நானாத்தான் விட்டேன்."

தன்னடக்கம் என்று குறித்துக்கொண்டாள். அடுத்து, மோகனராஜுக்குப் பின் ஓட்டில் ஜெயித்துத் தலைவரான பழனியப்பனிடம் போனாள். அந்த நாள் நினைவிருக்கிறதா என்றதும் அவர் நெற்றியைத் தடவினார். "மறக்க முடியுமா? இன்னும் இங்கயேதான் இருக்கு." மனதில் பதிந்துவிட்ட தியாகம் என்று அதையும் சேர்த்து எழுதி அனுப்பினாள்.

இந்த முறை "ஏன்?" இரண்டு மடங்கு பெரிதாக வந்தது.

"ஒருத்தர் வெக்கப்படுறாரு, ஒருத்தர் தலையத் தடவுறாரு. இது ஆராய்ச்சியா, கல்யாண வீடா?" என்றார் காமாரியா. "ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா, நானே கேக்குறேன்."

அவர்களைக் கூட்டிவருவது லேசில் முடியவில்லை. அவர் வந்தால் நான் வரவில்லை என்றார் ஒருவர். அவர் எனக்கு எதிரே உட்காரக் கூடாது என்றார் மற்றவர். கெஞ்சிக் கூத்தாடி, வியாழக்கிழமை மதியம் நாகூர் மீரானின் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்கு இருவரையும் கொண்டுவந்து சேர்த்தாள். மன்றக் கூட்டங்கள் நடப்பதும் அந்தக் கடை மாடியில்தான்.

காமாரியா நேராக விஷயத்துக்கு வந்தார். பதவி கசந்ததா, பயமா, பணமா? மோகனராஜ் மீன் தலைக்குள் எதையோ தேடினார். பழனியப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். காமாரியாவின் பேனா மேசையில் தட்டத் தொடங்கியது.

லோகேஸ்வரி, இவர்களை எப்படியாவது பேசவைக்க வேண்டுமே என்று எழுந்து நின்று, கைகூப்பி, மோகனராஜைப் புகழ்ந்தே விட்டாள்.

"அங்கிள், உங்க மாதிரி ஒவ்வொரு தலைவரும் நாற்காலிய விட்டா, உலகத்துல சண்டையே இருக்காது."

பழனியப்பனுக்குப் புரையேறியது. தேத்தாரே தேநீர் இரண்டு மிடறு குடித்த பிறகுதான் பேச்சு வந்தது. "வேணாம்மா. இவரு ஒருத்தரு விட்டதே போதும்."

பொறாமை, இத்தனை வருடம் கழித்தும் பொறாமை என்று லோகேஸ்வரி பல்லைக் கடித்தாள். மோகனராஜ் அந்த மீன் தலையை விட்டு நிமிரவில்லை.

காமாரியாவுக்குப் பொறுமை போய்விட்டது. காதோடு காதாகக் கேட்டால்தான் இவர் வாய் திறப்பார் என்று முடிவு செய்து, மூலையில் தனியாகக் கிடந்த ஒரு மர நாற்காலியை மோகனராஜ் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

கல்லாவிலிருந்து நாகூர் மீரான் பதறி ஓடிவந்தார்.

"டாக்டரம்மா, அதுல உக்காராதீங்க, கால் ஆடும்; மோகனராஜ் அண்ணன் அன்னிக்கு விட்ட நாற்காலி அதுதான், பழனியப்பன் அண்ணன் நெத்தியில பட்டுத்தான் கீழ விழுந்துச்சு."