உடைஞ்ச மூடி அண்ணாச்சி

கோவில்பட்டியில் ஒருத்தர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் ஊரையே தெரிந்து வைத்திருந்த ஒரே பிறவி எங்கள் டார்ச்சக்காதான். கையில் டார்ச்சோடு தெருத்தெருவாகக் கொசுப்புழு பார்க்க வருகிற நகராட்சிப் பணியாளர். பெயர் என்னவோ இருக்கும். நாங்கள் கேட்டதில்லை, எங்கள் பெயரை அவரும் கேட்டதில்லை. அவருக்கு நாங்களெல்லாம் வெறும் தண்ணீர்ப் பாத்திரங்கள். எதிர்வீட்டு வாத்தியார் 'சிமெண்டுத் தொட்டி'. மளிகைக்கடைக்காரர் 'ரெண்டு நீல டிரம்'. நான்?

"என்ன உடைஞ்ச மூடி அண்ணாச்சி, சௌக்கியமா?"

என் வீட்டு டிரம் ஒன்றுக்கு மூடி உடைந்ததால் வந்த பட்டம். நட்ட நடு பஜாரில் கேட்பார். பேங்கில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். ஒரு நாள் என்னோடு வந்த பழைய மேனேஜர் இன்றுவரை என்னை ஒரு தினுசாகத்தான் பார்க்கிறார்.

ஐப்பசி பிறந்துவிட்டால் வாரம் தவறாமல் வந்துவிடுவார். தலை டிரம்முக்குள் இருக்கும், குரல் மட்டும் மேலே வரும். "பகல்ல கொசு கடிக்கா? யாருக்கும் காய்ச்சலா? மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் திங்காதீக. பெரியாஸ்பத்திரில ரத்தம் குடுத்துப் பாருங்க." வாத்தியார் மகள் கல்யாணத்தில் மேடை ஓரமிருந்த பூச்சாடித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை பட்டு வேட்டி நனைந்ததைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

போன வருஷம் என் மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டு மாசம். எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வருவது வாரம் ஒரு நாள். பிள்ளை பிறந்தால் வீட்டில் தண்ணீர் எவ்வளவு செலவாகும்! அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். நாலு டிரம்மில் அந்த மூடி உடைந்ததை நிரப்பி, புழுவைக் கண்டால் கொட்டிவிடுகிற டார்ச்சக்கா கண்ணில் படாமல் உள் அறையில் ஒளித்து, மேலே ஒரு போர்வையும் போர்த்திவிட்டேன். அந்த வாரமும் அடுத்த வாரமும் தப்பித்தது. பக்கத்துத் தெருவில் மூன்று வீட்டில் டெங்குக் காய்ச்சல் என்றார்கள். அக்கா முகம் கடுத்துப் போனது அப்போதுதான்.

மூன்றாவது வாரம் முற்றத்தில் நின்று தரையையே பார்த்தார்.

"தரையில நாலு வட்டம் கெடக்கு. டிரம் மூணுதான் நிக்கு. நாலாவது எங்க அண்ணாச்சி?"

"வித்துட்டேன்."

"அந்த உடைஞ்ச மூடியவா? எந்த மகராசன் வாங்குனான்?"

நான் பதில் யோசிப்பதற்குள் உள் அறையிலிருந்து செல்வி, "யப்பா, இந்தப் போர்வையச் சுத்தி ஒரே கொசுவா இருக்குப்பா!" என்றாள்.

பெற்ற மகளே காட்டிக் கொடுத்தால் என்ன செய்ய? அக்கா நேரே உள்ளே போய்ப் போர்வையை உருவி, டார்ச் அடித்தார். தண்ணீர் முழுக்கப் புழு நெளிந்தது. டிரம்மை வாசல் வரை இழுத்துக்கொண்டுபோய்ச் சாய்த்தார்.

"ஏம்மா, அது பிள்ளைக்கு வச்ச தண்ணி!"

"பிள்ளைக்காகத்தான் கொட்டுதேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "உன் வீட்டுத் தண்ணியா இருந்தா இப்படிக் கொட்டுவியா?" என்று கத்திவிட்டேன். அதுவரை அவரை ஒருமையில் பேசியதில்லை. அவர் தேங்காய் நாரால் டிரம்மைத் தேய்தேயென்று தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் சைக்கிள் மணி கேட்டது. கேரியரில் இரண்டு பக்கமும் இரண்டு குடம். டிரம்மில் ஊற்றினார். கொண்டு வந்திருந்த பழைய வெள்ளைத் துணியை வாய் மேல் விரித்து, கயிற்றால் இறுகக் கட்டினார்.

"எங்க தெருவுல இன்னைக்கு முறை. தண்ணி நிறைய கெடக்கு. வாரேன்."

அவர் தெரு முனை திரும்பியதும் என் மனைவி சொன்னாள்: "அவிய தெருவுக்கும் நமக்கும் ஒரே வால்வுங்க. தண்ணி வர இன்னும் மூணு நாள் இருக்கு."

அந்த இரண்டு குடத்தையும் எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர் வீட்டில் எத்தனை பேர் மூன்று நாள் ஓட்டினார்களோ, தெரியாது. அடுத்த வாரம், "அன்னைக்குப் பேசுனத மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றேன். டிரம்முக்குள்ளிருந்து, "மனசுல என்னத்த வைக்க? இந்த வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லுங்க" என்று பதில் வந்தது.

காய்ச்சல் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கார்த்திகையில் பேத்தி பிறந்தாள். கடம்பூர் போளி வாங்கி டப்பாவோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். முகமெல்லாம் சிரிப்பாக வாங்கிக்கொண்டவர் உடனே, "இந்த மாதிரி டப்பாவெல்லாம் தின்னுட்டு வெளிய எறிஞ்சிராதீக, மழைத்தண்ணி நிக்கும்" என்றார்.

பேத்திக்கு ஒரு வயது ஆகப்போகிறது. அந்தத் துணியை வாரம் ஒரு தடவை துவைத்து நானே கட்டுகிறேன். "ஒரு மூடி வாங்கத் துப்பில்லையா?" என்று மனைவி ஏசாத நாளில்லை. கடை வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன். புது மூடி போட்டுவிட்டால், பிறகு அந்த அக்கா என்னை என்னவென்று கூப்பிடுவார்?