பச்சை பெயின்ட் அடித்த பதினாலு கேன்

பதினாலு கேனிலும் முட்டைக்கோஸ் முளைத்திருந்தது. பதினாலிலும் செத்துக்கொண்டும் இருந்தது. நூல் மாதிரி வெளுத்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. போர்டுக்காரர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நாற்றையும் விரலால் நிமிர்த்தினார். நிமிர்ந்தது உடனே படுத்துக்கொண்டது.

"குளிர்தான் காரணம்" என்றார். பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் சொன்னார்.

கடைகளுக்குப் போர்டு எழுதுவது அவர் தொழில். மனைவி தையல்காரி. பின்வாசல் சுவரோரம் வெயில் படுகிற ஆறடி மண் மேல் ரெண்டு பேருக்கும் கண். அவருக்கு அங்கே கோஸ் போடணும். அவளுக்குப் பூ. குளிர்காலம் முடியும்போது யாரிடம் உயிரோடு நாற்று இருக்கிறதோ அவருக்கே மண் என்று பந்தயம்.

காலித் தண்ணீர் கேனை இடுப்பில் அறுத்து, மண் போட்டு, விதை தூவி, திரும்ப மூடி ஒட்டி, குளிரிலேயே வெளியில் விட்டுவிட்டால் போதும், எப்போது முளைக்கணும் என்று விதைக்கே தெரியும் என்றார் அவர். உண்மையைச் சொன்னால், அதுவரை அவர் சொன்னதெல்லாம் சரி. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

கடைசிக் கேனை ஒட்டும்போது, கழுத்தில் அளவு டேப்போடு அவள் வந்து நின்றாள்.

"ஏங்க, கேன் மேல பெயின்ட் மட்டும் அடிச்சிடாதீங்க."

அந்த நிமிஷம் வரை அவருக்குப் பெயின்ட் ஞாபகமே இல்லை.

"ஏன் அடிக்கக் கூடாது?"

"பிளாஸ்டிக்ல ஒட்டாது. உங்களால முடியாது."

இருபத்திரண்டு வருஷமாகத் தகரம், கண்ணாடி, லாரி முதுகு என்று எழுதித் தள்ளியவரிடம் பேசுகிற பேச்சா இது? பச்சை ரெண்டு கோட்டிங். மேலே மஞ்சளில் 'முட்டைக்கோஸ்'. எழுத்துக்குச் சிவப்பில் நிழல். பதினாலு கேனும் பதினாலு கடை மாதிரி ஜொலித்தன. அவள் வந்து பார்த்து, ஒட்டிடுச்சே என்று கன்னத்தில் கை வைத்தாள். ரெண்டு நாள் அவர் மீசை இறங்கவில்லை.

இப்போது அவள் மாடித் தொட்டிக்குப் பின்னாலிருந்து நாலு கேனைக் கொண்டுவந்து இறக்கினாள். வெறும் கேன். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிந்தது. குட்டையாய், பச்சைப்பசேலென்று பூ நாற்று.

"என்ன இது?"

"நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். வெளியில, குளிர்ல. பெயின்ட்தான் அடிக்கல. செடிக்கு வெளிச்சம் வேணும்ல?"

"அப்ப ஒட்டாதுன்னு சொன்னது?"

"ஒட்டாதுன்னுதான் நினைச்சேன். நீங்க கெட்டிக்காரர்."

தோற்றேன் என்று அவர் சொல்லவில்லை. செத்தாலும் சொல்ல மாட்டார். விதை பழசு, மண் மட்டம், அடுத்த வருஷம் ஆறடியும் கோஸ்தான் என்று சுவரிடம் சொன்னார். அவள் பாட்டுக்கு நாற்றை வரிசையாக நட்டு முடித்துக் கையைக் கழுவினாள். குழாய் இருப்பதோ வீட்டுக்கு முன்னால். சுற்றிக்கொண்டு வரணும்.

"என் செடிக்கு நீங்க ஒண்ணும் தண்ணி ஊத்த வேணாம். தினம் ரெண்டு வாளி தூக்கறதெல்லாம் உங்க இடுப்புக்கு ஆகாது. பேசாம உட்காருங்க" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினுக்குப் போனாள்.

அவர் உட்காரவில்லை. மெஷின் சத்தம் கிளம்புவதற்குள் ரெண்டு வாளியும் குழாயடிக்குப் போய்விட்டன.