மேஸ்திரிக்கு எழுதிய எட்டுப் பக்க நோட்டீஸ்

மூன்று முறை சிறை சென்றவன் நான். நாற்பது துண்டறிக்கை எழுதியவன். உத்திரமேரூரில் என் குரல் கேட்டு ஒரு தாசில்தார் பின்வாசல் வழியாகப் போனதுண்டு. அப்பேர்ப்பட்டவனின் புது வீட்டுத் தளம், எழுபத்தொன்பதாம் வருஷத்து ஆடி மழைக்கே ஒழுகியது. கூடத்தில் ஏழு இடம். ஏழுக்கும் ஏழு பாத்திரம் வைத்தாள் என் மனைவி சொக்கம்மாள். சோறாக்க மிச்சமிருந்தது ஒரே ஒரு சட்டி.

கட்டியவன் சின்னப்பையன் மேஸ்திரி. ஆள் அனுப்பினேன். "இதோ வரேன் தலைவரே" என்றான். இரண்டு வாரமாக வந்துகொண்டே இருக்கிறான்.

"அவனைச் சட்டத்தாலேயே அடிக்கிறேன் பார்!" என்று சபதம் செய்தேன்.

"ஐப்பசிக்குள்ள அடிச்சிடுவியா? அப்பால அடிக்க வூடே இருக்காதுய்யா" என்றாள் சொக்கம்மாள்.

காஞ்சிபுரத்து வக்கீலிடம் போனேன்.

"ஒப்பந்தம் எழுதி வாங்கினீங்களா?"

"தொழிலாளியிடம் தாளா கேட்பது? நான் ஆரம்பித்த கொத்தனார் சங்கத்து ஆள் அவன். உன் வார்த்தையே போதும் என்று மேடையிலேயே சொன்னேன். கைதட்டினார்கள்."

வக்கீல் கைதட்டவில்லை. "முதல்ல நோட்டீஸ். மசியலேன்னா முன்சீப் கோர்ட்டுல நஷ்டஈடு கேட்கலாம். கோர்ட்டு கமிஷனர் ஒருத்தர் வந்து ஒழுகறதைப் பார்ப்பார்."

"எப்போது வருவார்?"

"சித்திரையில வரலாம்."

சித்திரையில் எது ஒழுகும்? என் வியர்வைதான்.

"நோட்டீஸை நான் எழுதித் தரட்டுமா?" என்றார். நாற்பது எழுதியவனுக்கு நாற்பத்தொன்று வராதா? நானே எழுதினேன். எட்டுப் பக்கம். முதல் ஆறு பக்கம் உலக நிலைமை. ஏழாம் பக்கத்தில்தான் என் கூடம் வந்தது. தபால் தலை ஒட்டிச் சொக்கம்மாளிடம் கொடுத்தேன். சந்தைக்குப் போகிறவள், போகிற வழியில் பெட்டியில் போடட்டும்.

பத்தாம் நாள் சின்னப்பையன் நான்கு ஆட்களோடு வந்து நின்றான். பழைய தளத்தைக் கொத்தி எடுத்தான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு எட்டு நாள் கட்டையால் அடித்தான். மேலே ஓடு பதித்தான். கூலி என்று வாயே திறக்கவில்லை.

"சட்டத்தின் பலம் பார்த்தாயா?" என்றேன் சொக்கம்மாளிடம்.

"பாத்தேன், பாத்தேன். கூடத்த கழுவி வுடு. வெள்ளிக்கிழம பரிசம்."

"யாருக்கு?"

"சின்னப்பையன் பொண்ணுக்கு. அவன் வூட்டுல பத்து பேரு உக்கார எடம் கீதா? எங்க வூட்டுக் கூடத்துல வச்சிக்கோ, நீ கட்டின வூடுன்னு சம்பந்திக்குக் காட்டுன்னேன். குளுந்துட்டான். அப்பால மழைய நெனச்சிக்கினு மேல பாத்தான். மூஞ்சி செத்துப்பூட்சி."

வெள்ளிக்கிழமை வாலாஜாபாத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். தட்டு மாற்றும் நேரம் பார்த்துக் கொட்டியது மழை. இரண்டே பேர் அண்ணாந்து பார்த்தோம்: நானும் சின்னப்பையனும். கால் மணி நேரம். அரை மணி நேரம். ஒரு சொட்டு இல்லை.

"வூடு யாரு கட்னது?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

"நான்தாங்க" என்றான் அவன். அவனுக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் மூச்சு வந்தது. இனி ஐப்பசி எப்போது வேண்டுமானாலும் வரட்டும்.

எல்லோரும் போன பிறகு மெல்லச் சொன்னேன்: "இருந்தாலும் சொக்கம்மா, என் நோட்டீஸும் அவனைக் கொஞ்சம் உலுக்கியிருக்கும்."

"அதுவா? அரிசிப் பானைக்கு மூடியா கீது. தபால் தலைய மட்டும் பிச்சி, பரிசம் இங்கதான்னு மாப்ள வூட்டுக்குக் கடுதாசி போட்டேன்."