கடுவா வந்த காட்சி

கோமதிநாயகம் தன் மூக்குக்கண்ணாடி மேலேயே உட்கார்ந்து எழுந்தபோது மணி ஐந்தரை. ஆறு மணிக்கு ஆரியசாலைக் கூடாரத்தில் புதுப்படம். படம் பேசாது, திரைக்குப் பக்கத்தில் நின்று இவர்தான் பேச வேண்டும். கண்ணாடி இல்லாவிட்டால் இவருக்குத் திரையும் ஒன்றுதான், காயப்போட்ட வேட்டியும் ஒன்றுதான்.

திருநெல்வேலியிலிருந்து மலையாளக் கரைக்கு வந்து வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது. கண் தெரியாது என்று சொன்னால் போச்சு.

முதலாளி தாசையன் வேறு கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஓய், இது காட்டு மிருகப் படம். மானு புல்லு தின்னுறதை எவன் பாப்பான்? நீருதான் கதையாக்கணும். சனம் பாதியில எழும்பிப் போச்சுன்னா, காலையில ஊருக்கு வண்டி ஏறிக்கிடும்."

"ஜமாய்ச்சிருவோம் முதலாளி."

படம் ஓடியது. இவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளை மூட்டம். காதைத் தீட்டிக்கொண்டார். முன்வரிசை "ஆனை" என்றது, ஆனையை அரசனாக்கினார். "மான்" என்றது, மானைத் தாயாக்கிக் குட்டியும் கொடுத்தார்.

"கடுவா, கடுவா" என்று பெஞ்சுகள் அலறின.

மலையாளத்தில் கடுவா என்றால் புலி. திருநெல்வேலிக்காரருக்கு அது எங்கே தெரியும்? அவர் ஊரில் கடுவன் என்றால் ஆண்பூனை.

"இதோ வருகிறார் கடுவன் பூனையார். அடுக்களையில் பால் திருடப் போகிறார்."

கூடாரம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த நொடி விசில், கூச்சல், பெஞ்சை உதைக்கும் சத்தம்.

"ஓய், கடுவான்னா புலி. கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றது ஒரு குரல்.

பாவி மனுஷன் குரல் வந்த பக்கம் திரும்பினார். வேலை போயே போச்சு. வந்தது வரட்டும் என்று தொண்டையைத் திறந்தார்.

"பூனை என்றா நினைத்தீர்கள்? தாய்மானும் அப்படித்தான் ஏமாந்தது. புலி பதுங்குகிறது பாருங்கள். குட்டி இன்னும் புல்லிலேயே நிற்கிறது. தாயே, திரும்பிப் பார். ஐயோ, பாய்ந்துவிட்டது!"

கூச்சல் சட்டென்று அடங்கியது. முன்வரிசை தலையைக் குனிந்துகொண்டது. ஒரு பெண் தன் பிள்ளையை இறுக்கிக்கொண்டு விசும்பினாள். இவருக்கும் உற்சாகம் தலைக்கேறிவிட்டது. தாய்மான் ஆற்றில் குதித்துக் குட்டியை அக்கரை சேர்த்தது. பின்னால் வந்த புலி சுழலில் மாட்டியது. கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

தாசையன் ஓடி வந்து கட்டிக்கொண்டார்.

"புலி தண்ணியில விழுந்த இடம் இருக்கே, எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நான் பாத்ததிலேயே இதுதான் படம். இனி நீருதான் நமக்கு நிரந்தரம்."

மெஷின் ஓட்டும் தங்கப்பன் பசைப் புட்டியும் கையுமாக மூச்சிரைக்க வந்து நின்றான்.

"கோவிச்சுக்கிடாதீங்க முதலாளி. புலி தலை காட்டினதுமே பிலிம் அறுந்து போச்சு, இவ்வளவு நேரமும் திரையில வெறும் வெளிச்சம்தான். இப்பத்தான் ஒட்டி முடிச்சேன், மிச்சப் படத்தை ஓட்டட்டா?"